விமான நிலையத்தில் எல்லாமே ஓடுபாதை அல்ல: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செய்தி ஆசிரியர்களுக்கும், வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் தரும் துணை ஆசிரியர்களுக்கும்,

விமான நிலையத்துக்குள் எது நடந்தாலும் அது ஓடுபாதையில் நடந்ததாகவே எழுதுகிறீர்கள். பயணிகளை ஏற்றிச் செல்லும் பேருந்தில் புகை வந்தால் ஓடுபாதையில். சாமான் வண்டி விமானத்தின் மேல் உரசினால் ஓடுபாதையில். பயணிகள் மணிக்கணக்கில் விமானத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தால் அதுவும் ஓடுபாதையில். வெளிநாட்டுத் தலைவர் வந்து இறங்கினால், சிவப்புக் கம்பளம் விரித்த இடம்கூட ஓடுபாதை. இவையெல்லாம் வழக்கமாக நடக்கிற இடம் ஓடுபாதை அல்ல. விமானங்கள் நிற்கும் தளத்தில் தரைப்பணியாளராக வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எழுத வைத்தது அண்மையில் நான் வேலை செய்யும் இடத்தில் நடந்த ஒரு சம்பவமும், அது செய்தியான விதமும். நின்றுகொண்டிருந்த ஒரு விமானத்தை இழுவை வண்டி பின்னுக்குத் தள்ளும்போது, அதன் இறக்கை நுனி பக்கத்தில் நின்ற இன்னொரு விமானத்தின் வாலில் உரசிவிட்டது. ஆள் நடந்து போகிற வேகம்தான். யாருக்கும் கீறல்கூட இல்லை. இரண்டு விமானங்களையும் சேவையிலிருந்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், விசாரணை தொடங்கியது. அரை மணி நேரத்துக்குள் வந்த தலைப்பு: "ஓடுபாதையில் இரு விமானங்கள் மோதல், பயணிகள் உயிர் தப்பினர்". என்னோடு வேலை செய்பவர்களின் வீடுகளிலிருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு. ஒருவருடைய அம்மா அழுதுகொண்டே பேசினார். ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதுவது என்றால் என்ன என்பது அந்த அம்மாவுக்குச் சரியாகவே தெரிந்திருந்தது. செய்தியை எழுதியவருக்குத்தான் தெரியவில்லை.

அப்புறம் செய்தியைப் படித்தவர்கள் பலரும் கேட்டது, "கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தாரா?" என்று. விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் வேலைக்கும் ஓடுபாதையைப் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டாளருக்கும் சம்பந்தமே இல்லை. இழுவை வண்டி ஓட்டுநர், இறக்கை நுனியைக் கவனித்தபடி கூடவே நடக்க வேண்டியவர், நிறுத்துமிடங்களுக்கு இடையில் விட்டிருந்த இடைவெளி, இவற்றைப் பற்றித்தான் கேள்வி எழுந்திருக்க வேண்டும். இடத்தைத் தவறாகச் சொன்னதும் பழி தவறான ஆளின் மேல் போய் விழுந்தது. பேருந்து நிலையத்துக்குள் இரண்டு பேருந்துகள் உரசிக்கொண்டதை நெடுஞ்சாலையில் நேருக்கு நேர் மோதல் என்று நீங்கள் எழுத மாட்டீர்கள். எங்கள் விஷயத்தில் மட்டும் ஏன் எழுதுகிறீர்கள்?

சரி, எது எது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

விமானம் ஓடி மேலே எழுவதற்கும், இறங்கி வேகம் குறைப்பதற்கும் உள்ள நீண்ட நேரான பரப்பு மட்டும்தான் ஓடுபாதை. ஓடுதளம் என்று எழுதினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, எங்களுக்குள் ரன்வே என்றுதான் சொல்லிக்கொள்வோம். அதன் இரு முனைகளிலும் பெரிய வெள்ளை எண்கள் இருக்கும். 09 என்றால் காந்தத் திசைப்படி ஏறத்தாழ 90 பாகை, அதாவது கிழக்கு நோக்கிய பாதை. அதே பாதையின் மறுமுனையில் 27 என்று இருக்கும். கோபுரத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் தெளிவான அனுமதி வாங்காமல் ஒரு விமானமோ, ஒரு வண்டியோ, ஒரு மனிதரோ அங்கே கால் வைக்கக் கூடாது.

ஓடுபாதையையும் விமானம் நிற்கும் இடத்தையும் இணைக்கும் பாதைகள் டாக்ஸிவே. விமானம் தன் எஞ்சினின் சக்தியில் மெதுவாக ஊர்ந்து போவது இதன் மேல்தான். இவற்றுக்கு எழுத்தாலோ, எழுத்தும் எண்ணும் சேர்த்தோ பெயர் வைத்திருப்பார்கள். தரைக் கட்டுப்பாட்டாளர் "இந்த வழியாகப் போய் இந்த இடத்தில் நில்" என்று சொல்வது அந்தப் பெயர்களை வைத்துத்தான். டாக்ஸிவே ஓடுபாதையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் குறுக்கே நான்கு மஞ்சள் கோடுகள் இருக்கும். இரண்டு தொடர்ச்சியானவை, இரண்டு விட்டு விட்டு வரைந்தவை. அதுதான் நிறுத்தக் கோடு. அனுமதி இல்லாமல் அதைத் தாண்டினால் ஓடுபாதை ஊடுருவல் என்று பதிவாகும்.

விமானங்கள் நிற்கும், பயணிகள் ஏறி இறங்கும், எரிபொருள் நிரப்பும், சாமான் ஏற்றும் பரந்த தளம் ஏப்ரன். அமெரிக்காவில் இதையே ரேம்ப் என்பார்கள். பேருந்துகள், சாமான் வண்டிகள், எரிபொருள் லாரிகள், உணவு ஏற்றும் வண்டிகள், தலையில் காதுக்கவசத்துடன் நாங்கள் எல்லாரும் இருப்பது இங்கேதான். இங்கே வண்டி ஓட்டும் அனுமதி வைத்திருக்கும் ஒருவர் அந்த அனுமதியை மட்டும் வைத்துக்கொண்டு டாக்ஸிவேக்கோ ஓடுபாதைக்கோ போய்விட முடியாது. அதற்குத் தனிப் பயிற்சி, தனி அனுமதி, கையில் ரேடியோ. பல பெரிய விமான நிலையங்களில் ஏப்ரனில் வண்டிகளையும் விமானங்களையும் ஒழுங்குபடுத்துவது கோபுரமே அல்ல, அதற்கென்று தனிப் பிரிவு உண்டு.

இவை நாங்கள் வசதிக்காகப் பிரித்துக்கொண்டவை அல்ல. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனமான ஐ.சி.ஏ.ஓ.வின் 14ஆவது இணைப்பு இந்த மூன்றுக்கும் தனித்தனி வரையறை தருகிறது. விதி வேறு, பொறுப்பு வேறு, ஆபத்தும் வேறு.

போட்ட பொருள்கூடப் பல இடங்களில் வேறுதான். ஏப்ரனைப் பெரும்பாலும் சிமெண்ட் கான்கிரீட்டில் போடுவார்கள். விமான எரிபொருள் சிந்தினால் தார்ப்பரப்பு இளகிவிடும். பாரமான விமானம் ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றாலும் அந்தப் பரப்பில் சக்கரம் பதிந்து பள்ளம் விழும். ஓடுபாதை கான்கிரீட்டாகவும் இருக்கலாம், அஸ்பால்ட்டாகவும் இருக்கலாம். மழைநீர் தேங்கிச் சக்கரம் வழுக்காமல் இருக்கப் பல ஓடுபாதைகளில் குறுக்கே மெல்லிய பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். ஆங்கிலச் செய்தி நிறுவனங்கள் "டார்மாக்" என்று எழுதி அனுப்புகின்றன. உங்கள் மேசையில் அது "ஓடுபாதை" ஆகிறது. டார்மாக் என்பது விமான நிலையத்தின் எந்த இடத்துக்கும் பெயரல்ல. அது சாலை போடும் ஒரு பொருளின் பெயர். ஜான் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் உடைத்த கல்லை அடுக்கி இறுக்கிச் சாலை போடும் முறையைப் பரப்பினார். எட்கர் பர்னெல் ஹூலி என்பவர் 1902இல் தாரையும் இரும்பு உலைக் கசடையும் கலந்து போடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தப் பொருளுக்கு வைத்த வணிகப் பெயர்தான் பிறகு விமான நிலையத் தரைக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலப் பத்திரிகைகளில் அது ஏப்ரனையும் குறிக்கும், டாக்ஸிவேயையும் குறிக்கும், சில சமயம் ஓடுபாதையையும் குறிக்கும். மழுப்பலான சொல்தான். ஆனால் மழுப்பலான ஒரு சொல்லை நீங்கள் தமிழில் குறிப்பான, அதுவும் தவறான, ஓர் இடமாக மாற்றிவிடுகிறீர்கள். அது மூலத்தைவிட மோசம்.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010இல் உள்நாட்டுப் பயணத்துக்கும் 2011இல் சர்வதேசப் பயணத்துக்கும் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஒரு விதி இருக்கிறது. விமானம் தரையில் நின்றபடியே தாமதமானால், உள்நாட்டுப் பயணத்தில் 3 மணி நேரத்துக்குள்ளும் சர்வதேசப் பயணத்தில் 4 மணி நேரத்துக்குள்ளும் பயணிகளுக்கு இறங்க வாய்ப்புத் தர வேண்டும். பாதுகாப்புக் காரணம் போன்ற சில விலக்குகள் உண்டு. அந்த விதியிலேயே "டார்மாக் தாமதம்" என்ற சொல்தான் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை "ஓடுபாதையில் 3 மணி நேரம்" என்று தமிழில் எழுதும்போது ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஒரு விமானம் ஓடுபாதையில் 3 மணி நேரம் நின்றால் அந்த ஓடுபாதையில் ஒரு விமானமும் ஏறவோ இறங்கவோ முடியாது. ஒரே ஓடுபாதை உள்ள இடம் என்றால் விமான நிலையமே முடங்கிவிடும். அதுவே பெரிய செய்தி ஆகியிருக்கும்.

"வாசகருக்கு இதெல்லாம் எதற்கு, தலைப்பில் இடம் இல்லை" என்று நீங்கள் சொல்லலாம். வரலாற்றில் மிக அதிகம் பேர் இறந்த விமான விபத்தையே எடுத்துக்கொள்வோம். 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இங்கே திருப்பி விடப்பட்டன. ஏப்ரன் நிரம்பியது. இணையாக ஓடும் டாக்ஸிவேயிலும் விமானங்கள் நின்றதால் அதன் வழியே போக முடியவில்லை. எனவே புறப்படும் விமானங்கள் ஓடுபாதையின் மேலேயே எதிர்த்திசையில் ஊர்ந்து போக வேண்டியிருந்தது. பனிமூட்டத்தில் பான் ஆம் விமானம் வெளியேற வேண்டிய திருப்பத்தைத் தாண்டி இன்னும் ஓடுபாதையிலேயே இருந்தது. அனுமதி கிடைக்காமலேயே கே.எல்.எம். விமானம் அதே ஓடுபாதையில் புறப்பட ஓடத் தொடங்கியது. 583 பேர் இறந்தார்கள். இந்த விபத்து ஏன் நடந்தது என்று, ஏப்ரன், டாக்ஸிவே, ஓடுபாதை என்ற மூன்றையும் பிரிக்காமல் ஒரு வாசகருக்கு விளக்கிக் காட்டுங்கள் பார்ப்போம். முடியாது. நிற்க வேண்டிய இடம் நிரம்பி, போக வேண்டிய பாதை அடைபட்டு, இருக்கக் கூடாத இடத்தில் விமானம் இருந்தது என்பதே அதன் கதை.

2001 அக்டோபர் 8 அன்று மிலானின் லினாட்டே விமான நிலையத்தில் அடர்ந்த பனியில் ஒரு சிறிய செஸ்னா விமானம், ஆர்5 என்ற டாக்ஸிவேயில் போகச் சொல்லியும் ஆர்6இல் போய்விட்டது. ஆர்6 ஓடுபாதையைக் குறுக்கே கடக்கிற வழி. விமானி தான் பார்த்த எஸ்4 என்ற குறியீட்டை ரேடியோவில் சொன்னார். கட்டுப்பாட்டாளருக்கு அப்படி ஒரு பெயரே தெரிந்திருக்கவில்லை. தரை ரேடாரும் அப்போது இயங்கவில்லை. புறப்பட்டுக்கொண்டிருந்த பயணிகள் விமானம் செஸ்னா மேல் மோதியது, 118 பேர் இறந்தார்கள். ஓர் இடத்துக்கு என்ன பெயர் என்பதில் இருவருக்கும் ஒரே புரிதல் இல்லாததும் அந்தச் சாவுகளுக்கு ஒரு காரணம். இதைப் படித்த பிறகும் "பெயரில் என்ன இருக்கிறது" என்று என்னால் சொல்ல முடியாது.

டோக்கியோவின் ஹனேடா விபத்து உங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும், 2024 ஜனவரி 2. கடலோரக் காவல்படை விமானத்துக்குக் கிடைத்த உத்தரவு, டாக்ஸிவே சி5இன் நிறுத்தக் கோடு வரை போகலாம் என்பதுதான். அது கோட்டைத் தாண்டி ஓடுபாதைக்குள் போய் நின்றது. இறங்கிவந்த ஏர்பஸ் ஏ350 அதன் மேல் மோதியது. சிறிய விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள், பெரிய விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். விசாரணையின் முக்கியக் கேள்விகளில் ஒன்று அந்தக் கோட்டைப் பற்றியது. நான் படித்த தமிழ்ச் செய்திகளிலோ, மோதுவதற்கு முன் சிறிய விமானம் "ஓடுபாதையில் காத்திருந்தது" என்று சாதாரணமாக எழுதியிருந்தார்கள். அது எங்கே காத்திருக்க வேண்டும், எங்கே போய் நின்றது என்பதுதான் செய்தியே.

இன்னொரு பக்கமும் உண்டு. 2017 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஒன்று, இரவு நேரத்தில் ஓடுபாதை என்று நினைத்து டாக்ஸிவேயை நோக்கி இறங்கிவந்தது. அங்கே நான்கு விமானங்கள் வரிசையில் காத்திருந்தன. சுமார் 60 அடி உயரம் வரை இறங்கிவிட்டு மறுபடி மேலே ஏறியது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. டாக்ஸிவேயையும் ஓடுபாதை என்றே பழகிவிட்ட வாசகருக்கு "விமானம் ஓடுபாதையை நோக்கி இறங்கியது" என்றால் அதில் என்ன ஆபத்து தெரியும்?

என்னை அதிகம் வருத்துவது இதுதான். ஓடுபாதை என்ற சொல் காதில் விழுந்ததும் எங்கள் வேலையில் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஓடுபாதையில் வண்டி, ஓடுபாதையில் ஆள், ஓடுபாதையில் உலோகத் துண்டு. 2000 ஜூலையில் பாரிஸில் கான்கார்டு விமானம் விழுந்ததற்குப் பின்னால் இருந்தது, அதற்குச் சற்று முன் புறப்பட்ட வேறொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்து கிடந்த ஓர் உலோகப் பட்டை. அப்படிப்பட்ட சொல்லைச் சாமான் வண்டி உரசலுக்கும் வரவேற்பு விழாவுக்கும் செலவு செய்துவிட்டால், உண்மையிலேயே ஓடுபாதை ஊடுருவல் நடந்த அன்று உங்கள் கையில் எந்தச் சொல் மிச்சம் இருக்கும்? 2021 ஆகஸ்டில் காபூலில் மக்கள் திரண்டு ஓடுபாதைக்குள்ளேயே போனார்கள், விமானப் போக்குவரத்து நின்றது. அங்கே அந்தச் சொல் மிகச் சரி. அதன் கனம் அன்று எத்தனை வாசகருக்குப் புரிந்தது என்று தெரியவில்லை.

ஓடுபாதை முடிகிற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 29 அன்று தென் கொரியாவின் முவான் விமான நிலையத்தில் ஜெஜு ஏர் விமானம் சக்கரங்கள் விரியாமல் இறங்கி, ஓடுபாதையைத் தாண்டிப் போய் மோதியதில் 179 பேர் இறந்தார்கள். பல செய்திகளில் அது "சுவரில் மோதியது" என்று வந்தது. மோதியது, தரையிறங்க வழிகாட்டும் ஆண்டெனாக்களைத் தாங்குவதற்காக உள்ளே கான்கிரீட் வைத்துக் கட்டிய மண்மேட்டில். ஓடுபாதையின் முடிவுக்கு அப்பால் 60 மீட்டர் ஒதுக்கிய நிலம், அதற்குப் பிறகு குறைந்தது 90 மீட்டராவது பாதுகாப்புப் பகுதி, பெரிய ஓடுபாதைகளுக்கு 240 மீட்டர் இருப்பது நல்லது என்கின்றன சர்வதேச விதிகள். விமானம் தடம் மாறி ஓடினால் மோதுகிற சாதனங்கள் எளிதில் உடைந்து விழும்படி இருக்க வேண்டும் என்பது அந்த ஏற்பாடுகளின் அடிப்படை. அந்த மேடு அவ்வளவு உறுதியாக ஏன் இருந்தது என்பதே உலகம் முழுவதும் நிபுணர்கள் கேட்ட கேள்வி. "சுவர்" என்று படித்தவர் அது விமான நிலையத்தின் சுற்றுச்சுவர் என்று நினைத்துக்கொண்டு அடுத்த செய்திக்குப் போயிருப்பார்.

எங்களிடம் கேட்க முடியாத நேரத்திலும் படத்தைப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஓடுபாதையில் குறியீடுகள் வெள்ளை. டாக்ஸிவேயில் மஞ்சள். விமானத்தின் மூக்குச் சக்கரத்துக்குக் கீழே மஞ்சள் கோடும், சுற்றிலும் வண்டிகளும் தெரிந்தால் அது ஏப்ரன். இரவுப் படம் என்றால் ஓரத்தில் நீல விளக்குகளோ நடுவில் பச்சை விளக்குகளோ வரிசையாகத் தெரிவது டாக்ஸிவே. ஓடுபாதையின் ஓரங்களில் வெள்ளை விளக்குகள். இதற்கு மேல் ஒரு நிருபருக்கு எதுவும் தேவையில்லை.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஏறும், இறங்கும் பரப்பை மட்டும் ஓடுபாதை அல்லது ஓடுதளம் என்று எழுதுங்கள். மற்ற இரண்டுக்கும் டாக்ஸிவே, ஏப்ரன் என்றே எழுதலாம், பத்திரிகை படிக்கும் யாருக்கும் இரண்டு மூன்று தடவையில் பழகிவிடும். ஏப்ரன் கடினம் என்று நினைத்தால் "விமான நிறுத்துமிடம்" போதும், அழகான தமிழ், பொருளும் சரி. ஆங்கில மூலத்தில் டார்மாக் என்று வந்தால் எந்த இடம் என்று விமான நிலைய நிர்வாகத்திடம் கேளுங்கள். தெரியாவிட்டால் "விமான நிலைய வளாகத்துக்குள்" என்று எழுதுங்கள், அதில் பொய் இல்லை. "மோதல்" என்று எழுதுவதற்கு முன் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தனவா, ஒன்று நின்றதா, இழுவை வண்டி தள்ளியதா என்று கேட்டுவிடுங்கள். உங்கள் நடைக் கையேட்டில் இந்த மூன்று சொற்களையும் சேர்த்து, புதிதாக வரும் துணை ஆசிரியர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். ஏற்கெனவே வெளியிட்டதில் "ஓடுபாதையில் மோதல்" என்று தவறாக வந்த செய்திகளின் தலைப்பைத் திருத்துங்கள், திருத்தியதை வாசகருக்குத் தெரியும்படி குறிப்பிடுங்கள். எங்கள் நிறுத்துமிடத்தில் நடந்த அந்த உரசலைப் பற்றிய செய்தியில் இருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
விமான நிலையத் தரைப்பணியாளர் ஒருவர்